கூண்டு இழுக்க வேண்டும்

புனே கஸ்பா பேட்டையில் தாம்பட் ஆளி என்றொரு தெரு இருக்கிறது. பேஷ்வாக்கள் காலத்தில் கொங்கணத்திலிருந்து வந்து குடியேறிய செம்புக் கொல்லர்களின் தெரு. அண்டா, குடம், பூஜைச் சாமான் என்று அவர்கள் தட்டாத பாத்திரம் இல்லை. அவற்றில் நான் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது வெந்நீர் போடும் ‘பம்ப’. நம் பக்கத்தில் பாய்லர் என்போமே, அதேதான். வயிறு பெருத்த செம்புக் கலம், அடியில் கம்பித் தட்டு, அதற்கும் கீழே சாம்பல் விழ இடம், நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரே குழல். விறகுச் சிம்புகளையும் கரியையும் குழலின் வாய் வழியாகப் போடுவார்கள். நெருப்பு குழலுக்குள், தண்ணீர் குழலைச் சுற்றி. புகை போகிற வழியும் அந்தக் குழல்தான்.

புனேக்குப் பக்கத்தில் போசரி எம்ஐடிசி தொழிற்பேட்டையில் தகடு வேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். மெஸ், ஹாஸ்டல், கல்யாண மண்டபம், தாபா இவற்றின் சமையல்கட்டுக்குப் புகைக்கூண்டும் குழாயும் அடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. பம்பவைக் கையில் எடுத்துப் பார்த்தால் என் தொழிலின் முழுப் பாடமும் அதில் இருக்கிறது. குழலுக்குள் காற்று சூடாகி லேசாகிறது. வெளிக்காற்று கனமாகவே நிற்கிறது. கனத்த காற்று அடித்தட்டு வழியே நெருப்புக்குள் நுழைந்து, லேசான காற்றை மேலே தள்ளிவிடுகிறது. இதற்குப் பெயர் இழுப்பு. ‘கூண்டு இழுக்குது’, ‘கூண்டு இழுக்கல’: எங்கள் வேலையில் தீர்ப்பு இந்த இரண்டுதான்.

இந்த இழுப்பு எவ்வளவு பலவீனமானது என்பது பலருக்குத் தெரியாது. பத்தடி உயரக் கூண்டுக்குள் சராசரியாக 150 டிகிரி வெப்பம், வெளியே 30 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வித்தியாசத்தால் கிடைக்கிற அழுத்தம் 10 பாஸ்கலுக்குப் பக்கத்தில் வரும். ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நிற்பதால் உண்டாகும் அழுத்தம் அவ்வளவுதான். நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு சமையல்கட்டின் புகை முழுவதையும் இந்தத் துளி பலம்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வழியில் ஒரு வளைவு, ஒரு கரிப் படலம், எதிரே ஒரு மின்விசிறி, எது குறுக்கிட்டாலும் அது தோற்றுவிடும். இந்த நாட்டில் புகையில்லா அடுப்புக்காக நடந்த முயற்சிகளின் வரலாற்றை இந்த ஒரு மில்லிமீட்டரை வைத்துத்தான் நான் படிக்கிறேன்.

நம் வீடுகளில் கூண்டு இல்லாமலே காலம் தள்ளினோம். கொடியடுப்பு இருந்தது. பெரிய அடுப்பின் பக்கச்சுவரில் துளை விட்டு, மிஞ்சிய அனல் பக்கத்துக் குழிக்குப் போகும்படி செய்தது நல்ல யோசனை. சோறு பெரிய அடுப்பில் கொதிக்க, ரசமும் பாலும் கொடியில் சுடும். ஆனால் அனல் கொடிவரை வந்து அங்கேயே நின்றுவிடும். அதற்கு அப்புறம் புகைக்கு வழி கிடையாது. ஓட்டு இடுக்கு, சுவரின் உச்சியில் விட்ட சின்னத் துவாரம், இல்லையென்றால் சமைப்பவளின் கண். புகை ஏறிய விட்டத்தில் கரையான் ஏறாது என்பார்கள். உண்மைதான். விட்டம் பிழைத்தது, அதன் அடியில் நின்றவளின் நெஞ்சுதான் போயிற்று.

இதை மாற்ற வேண்டும் என்று இந்தியாவில் அமைப்பாக உட்கார்ந்து வேலை பார்த்த முதல் இடங்களில் ஒன்று வார்தாவில் இருந்தது. அங்கே தலைமை தாங்கியவர் தஞ்சாவூர்க்காரர், ஜே.சி. குமரப்பா. 1892-ல் பிறந்தவர். லண்டனில் கணக்குப் படித்து, அமெரிக்காவில் பொருளாதாரம் படித்தவர். 1934 டிசம்பரில் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தும் பொறுப்பு அவருக்கு வந்தது. சங்கம் இருந்த இடம் மகன்வாடி. 1928-ல் இறந்துபோன, காந்தியின் உறவினர் மகன்லால் காந்தியின் பெயர். எண்ணெய்ச் செக்கு, கைக்காகிதம், தேனீ, வெல்லம் என்று கிராமத்தின் ஒவ்வொரு தொழிலையும் பிரித்துப் போட்டுப் பார்த்த அந்த வளாகத்திலிருந்து 1940-களில் வந்ததுதான் ‘மகன் சூலா’. மண் அடுப்பு. ஒரே நெருப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட பாத்திரம், கடைசியில் ஒரு புகைக்கூண்டு. குமரப்பா கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் தங்கி, 1960 ஜனவரி 30 அன்று மறைந்தார். அவரைப் பொருளாதார மேதை என்று நாம் பேசுகிறோம். அவர் நடத்திய இடத்தில் அடுப்படிப் புகையையும் பொருளாதாரத்தின் ஒரு பகுதியாக எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

அதே காலகட்டத்தில் ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தில் எஸ்.பி. ராஜு இன்னொரு அடுப்பு செய்தார். அவருடைய சிறு நூல் 1953-ல் வெளியானது. கோடிக்கணக்கான மக்களுக்குப் புகையில்லாச் சமையலறை என்பது அதன் தலைப்பின் கருத்து. அச்சிட்டு வெளியிட்டது சென்னை கிறிஸ்தவ இலக்கியச் சங்கம். அடுப்பின் அளவும் கூண்டின் அளவும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும், அனலை அடக்கி விடத் தகடு வேண்டும் என்று ஒரு பொறியாளர் கணக்குப் போட்டுச் சொன்னது அடுப்பைத் தொழில்நுட்பமாக மதித்த செயல். அந்த மதிப்பு அதற்குமுன் இங்கே அடுப்புக்குக் கிடைத்ததில்லை.

ஐரோப்பாவில் இந்த மதிப்பு இன்னும் முன்னாடியே வந்துவிட்டது. குளிர் அவர்களை விடவில்லை. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1785-ல் கப்பலில் வரும்போது, புகையும் கூண்டுகளுக்கு என்ன காரணம், என்ன மருந்து என்று நண்பருக்கு நீண்ட கடிதமே எழுதினார். அவர் முதலில் சொன்ன காரணம், வீட்டுக்குள் காற்று வர வழி இல்லாதது. கதவும் ஜன்னலும் இறுக்கமாகப் பொருந்திய புது வீடுகளில்தான் கூண்டு புகைகிறது என்றார். பத்து வருஷம் கழித்து ரம்ஃபோர்டு பிரபு லண்டன் வீடுகளின் கணப்பு அடுப்புகளைப் பார்த்துவிட்டு, உங்கள் கூண்டின் கழுத்து மிகவும் அகலம், அதை நான்கு அங்குலத்துக்குக் குறுக்குங்கள் என்றார். உள்ளே வரும் காற்றைப் பற்றி ஒருவர், வெளியேறும் வழியைப் பற்றி இன்னொருவர். இரண்டையும் நான் வாரத்துக்கு ஒரு முறையாவது வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்தியாவில் ராஜுவுக்குப் பிறகு பெரிய அசைவு எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னால்தான் வந்தது. 1974-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்யா ரெட்டி தொடங்கிய அஸ்திரா அமைப்பு, மூன்று பாத்திரம் வைக்கும் ‘அஸ்திரா ஒலெ’யைச் செய்தது. கிராமத்து விறகை எடை போட்டு, அனல் எங்கெங்கே வீணாகிறது என்று கணக்கெடுத்து உருவாக்கிய அடுப்பு அது. 1980-களின் தொடக்கத்தில் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளர் குஜராத் கிராமங்களுக்கு வந்து, சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் புகையை அவர்கள் பக்கத்திலேயே கருவி வைத்து அளந்தார். 1983-ல் முடிவுகள் வெளிவந்தன. விறகு மிச்சம் என்ற பேச்சோடு உடல்நலம் என்ற பேச்சும் சேர்ந்தது அப்போதுதான்.

அந்த 1983-ன் கடைசியிலேயே மத்திய அரசின் தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் சோதனையாகத் தொடங்கியது. 2002-ல் மத்திய அரசு கைவிடும் வரை ஏறக்குறைய மூன்றரைக் கோடி அடுப்புகள் போட்டார்கள். சீனாவில் அதே காலத்தில் 12 கோடிக்கும் மேல். அங்கேயும் அடிப்படை கூண்டு வைத்த அடுப்புதான்.

மூன்றரைக் கோடி என்பது சாதாரண எண் அல்ல. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் எண்ணியது அடுப்பை. மானியம் அடுப்புக்கு, இலக்கு அடுப்புக்கு. போட்ட கூண்டு இரண்டாவது மழைக்காலத்தில் இழுக்கிறதா என்று எண்ண ஆள் இல்லை. நிறைய இடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாயைக் கூண்டாக வைத்தார்கள். அதற்குக் காரணம் இருந்தது. விறகுப் புகையில் அமிலம் உண்டு, மெல்லிய இரும்புத் தகடு இரண்டு மூன்று வருஷத்தில் அரித்துப்போகும், சிமெண்ட் குழாய் நிற்கும், விலையும் குறைவு. பிரச்சினை குழாயின் குறுக்களவில் இருந்தது.

இதைக் கணக்கோடு சொல்கிறேன். மூன்று அங்குலக் குழாயின் உள்ளே சுற்றிலும் அரை அங்குலம் கரி படிந்தால் மிச்சமிருக்கும் வழி இரண்டு அங்குலம். பரப்பில் பார்த்தால் ஒன்பதுக்கு நான்கு, அதாவது பாதிக்கும் குறைவு. ஆறு அங்குலக் குழாயில் அதே அரை அங்குலம் படிந்தால் முப்பத்தாறுக்கு இருபத்தைந்து, இன்னமும் மூன்றில் இரண்டு பாகத்துக்கு மேல் திறந்திருக்கும். ஆகவே வீட்டு அடுப்பின் சின்னக் கூண்டுக்குத்தான் அடிக்கடி கரி தட்ட வேண்டும். ஈர விறகும் வறட்டியும் எரிக்கிற வீட்டில் சில வாரத்துக்கு ஒருமுறை. கூரை மேல் ஏறி, தொப்பியைக் கழற்றி, கம்பில் சாக்குத்துணி கட்டிக் குத்தி இறக்க வேண்டும். இந்த வேலை யாருடையது என்று திட்டத்தின் எந்தக் காகிதமும் அந்த வீட்டுக்குச் சொல்லவில்லை. புருஷன் ஏறமாட்டான், பெண் ஏறக் கூடாது. கூண்டு அடைத்தது. அடைத்த கூண்டோடு மூடிய அடுப்பில் சமைப்பதைவிட மூன்று கல் வைத்துச் சமைப்பதே மேல் என்று கண்டவர்கள் அடுப்பை இடித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

பின்னாளில் இதை ஒடிசாவில் முறையாகவே சோதித்துப் பார்த்தார்கள். கிராம் விகாஸ் என்ற தொண்டு நிறுவனம் 44 ஊர்களில் கூண்டு வைத்த அடுப்பு போட்டுக் கொடுக்க, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரேமா ஹன்னா மூவரும் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். சமைப்பவர்கள் உறிஞ்சும் புகை முதல் ஆண்டு குறைந்தது. அதன் பிறகு பழைய நிலைக்கே வந்துவிட்டது. அடுப்பைச் சரியாகப் பயன்படுத்தவில்லை, பழுது பார்க்கவில்லை, வரவரக் கைவிட்டார்கள். சோதனைக்கூடத்தில் நன்றாக எரிந்த அடுப்புதான் அது. இதை ஒரு தோல்வியின் ஆவணம் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது முதல் ஆண்டின் ஆவணமாகவும் தெரிகிறது. கூண்டு சுத்தமாக இருந்த காலத்தில் அது வேலை செய்திருக்கிறது.

மகாராஷ்டிரத்தில் தேசிய அடுப்புத் திட்டத்துக்குத் தொழில்நுட்பத் துணை நின்றது புனேயின் ஆர்ட்டி. ஆனந்த் கர்வே 1996-ல் தொடங்கிய கிராமத் தொழில்நுட்ப நிறுவனம். மானுடவியலாளர் இராவதி கர்வேயின் மகன் அவர். அவர்களுடைய ‘லட்சுமி’ அடுப்பை இந்தப் பக்கத்துப் பழைய ஆட்களுக்குத் தெரியும். இரண்டு பாத்திரம், பின்னால் கூண்டு. அவர்கள் செய்த முக்கியமான காரியம் அச்சு. உள்துளை அரை அங்குலம் கூடினால் அனல் நேராகக் கூண்டுக்கு ஓடிவிடும், இரண்டாவது பாத்திரம் கொதிக்காது. குறைந்தால் வாய் வழியே புகை திரும்பும். மேஸ்திரியின் கண்மதிப்புக்கு விட்டால் ஊருக்கு ஓர் அடுப்பு வரும். அச்சில் வார்த்தால் எல்லாம் ஒன்றுபோல் வரும். மானியம் நின்ற பிறகும் குயவர்களையும் சிறு தொழில்காரர்களையும் பழக்கி, விலைக்கு விற்கும் பொருளாக அதைக் கொண்டுபோனார்கள். காசு கொடுத்து வாங்கியவள் கூண்டைத் தட்டிப் பார்ப்பாள். இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

போசரியின் கதை இதற்கு வெளியே நடந்தது. 1962-ல் எம்ஐடிசி எனும் மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் பிறந்த பிறகு, சோளமும் கம்பும் விளைந்த நிலங்களில் தொழிற்கூடங்கள் எழுந்தன. லாத்தூர், பீட், சோலாப்பூர், பிகார், நம் தென் மாவட்டங்கள் என்று எல்லாத் திசையிலிருந்தும் ஆள் வந்தார்கள். பத்துக்குப் பத்து அறை, மேலே ‘பத்ரா’ எனும் இரும்புத் தகட்டுக் கூரை. மண்ணெண்ணெய் கிடைத்தால் ஸ்டவ், இல்லாவிட்டால் விறகு. அந்த விறகு காட்டிலிருந்து வருவதில்லை. இயந்திரம் வந்திறங்கும் மரப்பெட்டி, பேலட் இவற்றை உடைத்து எடை போட்டு விற்பார்கள். காய்ந்த பைன் மரம், பற்றிக்கொள்ளும், ஆனால் ஆணியும் பெயிண்ட்டும் எண்ணெய்க் கறையும் அதோடு சேர்ந்து எரியும். அந்தப் புகை தொண்டையைப் பிடிக்கும் விதமே வேறு. தகட்டுக் கூரைக்கு ஓட்டை போட வீட்டுக்காரர் விடமாட்டார். ஆகையால் அடுப்பு வாசலுக்கு வந்தது, மழையில் மறுபடி உள்ளே போனது. கேஸ் இணைப்பு தரும் உஜ்வலா திட்டம் 2016 மே மாதம் தொடங்குவதற்கு முன்பே இங்கே பலர் சின்ன சிலிண்டருக்கு மாறிவிட்டார்கள். குளிக்கும் வெந்நீருக்கு மட்டும் இன்றும் டிசம்பர் காலைகளில் சந்து சந்தாக விறகு எரிகிறது. அந்த நேரத்துக் குளிரில் புகை மேலே ஏறாமல் தரையோடு தரையாகப் பரவி நிற்கும்.

இப்போது விறகடுப்பு வேறொரு வாசல் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. நாசிக் நெடுஞ்சாலையில் மோஷி, சாக்கண் பக்கம் போனால் ‘சூலிவர்ச்சி மிசல்’ என்று பலகைகள். விறகடுப்பில் கொதித்த மிசல் குழம்பு, விறகடுப்பில் சுட்ட பாக்கரி ரொட்டி. சனி, ஞாயிறு கூட்டம் தாங்காது. எனக்கு வரும் வேலையில் நல்ல பங்கு இவர்களுடையது. இங்கேதான் ஃபிராங்க்ளின் சொன்னது அப்படியே நடக்கிறது. சமையல்கட்டைக் கண்ணாடி போட்டு அடைத்து, ஆறு அடுப்பு வைத்து, சுவரில் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேனும் மாட்டுகிறார்கள். ஃபேன் இழுக்கிற காற்று எங்கிருந்து வரும்? கதவு மூடியிருந்தால் கூண்டு வழியாகத்தான் வரும். என் கூண்டின் இழுப்பு ஒரு மில்லிமீட்டர் தண்ணீர், ஃபேனின் பலம் அதைப்போலப் பல மடங்கு. புகை தலைகீழாக உள்ளே இறங்கும். ‘அண்ணா, கூண்டு சரியில்ல’ என்று ஃபோன் வரும். போய் ஃபேனை நிறுத்தச் சொல்வேன், அடுப்பின் முன்பக்கம் தரைமட்டத்தில் ஒரு ஜாலி உடைக்கச் சொல்வேன். புகை ஏறத் தொடங்கிவிடும்.

அடுத்த சண்டை உயரம். முகப்பு அழகாக இருக்க வேண்டும், கூரைக்கு மேல் ஓரடி தெரிந்தால் போதும் என்பார்கள். கூரையை ஊடுருவும் இடத்திலிருந்து மூன்றடியாவது மேலே போக வேண்டும், பத்தடி தூரத்துக்குள் உள்ள எதைவிடவும் இரண்டடி உயர்ந்திருக்க வேண்டும் என்பது பல நாடுகளில் வழங்கும் விதி. சும்மா போட்ட விதி அல்ல. கூரை முகட்டில் மோதும் காற்று மறுபக்கம் சுழன்று கீழே விழும். கூண்டின் வாய் அந்தச் சுழலுக்குள் இருந்தால் ஜூன், ஜூலையின் மேல்காற்றில் ஊதிய புகை அடுப்புக்கே திரும்பும். மழைத் தொப்பியையும் வாயோடு ஒட்டி வைக்கக் கூடாது. குழாயின் குறுக்களவில் பாதியாவது இடைவெளி நான் விடுவேன்.

குழாய் இணைப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது, புதுப் பையன்களுக்கு முதலில் கற்றுக்கொடுப்பது அது. மழைநீர்க் குழாய் மாட்டிப் பழகியவன் கூண்டையும் அவசரத்தில் எப்படியாவது செருகிவிடுவான். மேல் குழாயின் சுருக்கிய முனைதான் கீழ்க் குழாய்க்குள் இறங்க வேண்டும். ஈர விறகின் புகை குளிர்ந்த தகட்டில் பட்டால் கறுப்புத் தாராக வடியும். சரியாகச் செருகிய குழாயில் அது உள்ளுக்குள்ளேயே இறங்கி நெருப்பில் விழுந்து எரிந்துவிடும். தலைகீழாகச் செருகினால் ஒவ்வோர் இணைப்பிலும் வெளியே கசிந்து, வெள்ளைச் சுவரில் கோடு கோடாக இறங்கும். அந்தத் தார் உள்ளே தடித்துப்போய் ஒருநாள் பற்றிக்கொண்டால் கூண்டே தீப்பந்தமாகும். ஓலைக் கூரையும் பந்தலும் போட்ட ஓட்டல்களுக்கு நான் கூரையைத் தொடும் இடத்தில் இரட்டைக் குழாய் வைக்காமல் வேலை எடுப்பதில்லை.

மும்பையில் 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகள் ஆறு மாதத்தில் வேறு எரிபொருளுக்கு மாற வேண்டும் என்றது. நகரத்தின் காற்று அந்த நிலைக்கு வந்திருக்கிறது. கிர்க் ஸ்மித் கடைசிவரை சொன்னதும் இதையொட்டித்தான்: கூண்டு புகையை அழிப்பதில்லை, வீட்டிலிருந்து தெருவுக்குக் கொண்டுபோகிறது. நானும் அதை மறுக்கவில்லை. கேஸ் கிடைக்கிற இடத்தில் கேஸ் போடுங்கள் என்றே சொல்கிறேன், வேலை போனாலும் சரி. ஆனால் விறகு எரிகிற வரைக்கும் அந்த அடுப்பின் முன்னால் ஒருத்தி உட்கார்ந்து பாக்கரி தட்டுகிறாள். மிசல் ஓட்டல்களில் அந்த வேலை செய்வது பெரும்பாலும் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள். காலை ஐந்து மணிக்கு வந்து மாலை வரை உட்காருகிறார்கள்.

அவர்களுக்காக என் கொட்டேஷனில் ஓர் உருப்படியை மட்டும் நான் பேரத்துக்கு விடுவதில்லை. கூண்டின் அடியில், இடுப்பு உயரத்தில், கையால் திறக்கும் ஒரு கதவு. அதைத் திறந்து குளிர்ந்த காலையில் பழைய பேப்பரைக் கொளுத்திக் கூண்டை முதலில் சூடாக்கலாம், இழுப்பு உடனே எழும். அதே கதவு வழியாக நீளக் கம்பி பிரஷ்ஷை மேலே விட்டுக் கரி தட்டலாம், யாரும் கூரை ஏற வேண்டாம். கதவும் பிரஷ்ஷும் சேர்த்துத்தான் விலை. பிரஷ்ஷை முதலாளியிடம் கொடுக்காமல் அடுப்படியில் உட்காரும் அந்த அம்மாவிடமே கொடுத்து, ஒருமுறை அவர்களையே தட்ட வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பில் போடுகிறேன்.